ஊருக்கு வாற மெடிக்கல் மிஷன் ரீமுகளுக்கு: வாங்கோ, ஆனா சத்திரக்காரனையும் தேடிப் பிடியுங்கோ

கனடா, லண்டன், நோர்வே, அவுஸ்ரேலியா எண்டு எல்லா இடத்திலயும் இருக்கிற எங்கட தமிழ்ச் சபைகளின்ர பாஸ்ரர்மாருக்கும், வருசா வருசம் லீவெடுத்துக் கைக்காசு போட்டு மெடிக்கல் மிஷன் எண்டு ஊருக்கு வாற டொக்டர், நேர்ஸ் பிள்ளையளுக்கும்,

இயேசுவின்ர நாமத்தில வணக்கம்.

நான் பிறந்து வளந்தது மானிப்பாய், சேர்ச்சும் அங்கதான், முப்பத்தொரு வருசம் அரசாங்க ஆஸ்பத்திரியளில நேர்ஸா வேலை செய்து பென்சன் எடுத்து இப்ப ஏழு வருசமாகுது. பென்சன் எடுத்த காலத்தில இருந்து வெளிநாட்டில இருந்து வாற ரீமுகளோட வன்னிக்குப் போய், சனம் சொல்லுறதை இங்கிலிசில சொல்லி, டொக்டர் சொல்லுறதைத் தமிழில சொல்லிக் குடுக்கிறதுதான் என்ர ஊழியம். உங்களில கனபேருக்கு என்னைத் தெரியும், என்ர கையால தேத்தண்ணி குடிச்சிருக்கிறியள், என்னை ஆன்ரி எண்டுதான் கூப்பிடுவியள். அதால இதை ஒரு ஆன்ரி எழுதின கடிதமா வாசியுங்கோ, முறைப்பாடு எண்டு நினைக்க வேண்டாம். ஆனா கொஞ்சம் நோகத்தான் செய்யும், எனக்கும் எழுதேக்க நோகுது.

முதல் நடந்ததைச் சொல்லுறன். முல்லைத்தீவுப் பக்கம் மீள்குடியேறின ஒரு கிராமம், பள்ளிக்கூட மண்டபத்தில காம்ப். காலமை ஒன்பது மணிக்குத் துவங்கி பின்னேரம் மூண்டரைக்கு முடிச்சது, நாலு டொக்டர்மார், முன்னூறுக்கு மேல துண்டு குடுத்தது. கணக்குப் பாத்தா ஒரு ஆளுக்கு அஞ்சு நிமிசம்தான் வருது, அதிலயும் பாதி நான் மொழிபெயர்க்கிறதிலயே போயிடும். மத்தியானத்துக்குக் கிட்ட ஒரு அம்மா வந்தா, அறுபத்தெட்டு அறுபத்தொன்பது வயசிருக்கும், கால் எரியுது, தலைச்சுத்து எண்டா. விரலில குத்திப் பாத்தா சீனி நல்லாக் கூட. வாசலில எங்கட வொலன்ரியர் பிள்ளையள் வெய்யிலுக்க நிண்ட சனத்துக்குச் சீனி போட்ட தேத்தண்ணியும் பணிசும் குடுத்தவை, அதைக் குடிச்சுச் சாப்பிட்டு அரை மணித்தியாலத்திலதான் அவவுக்குக் குத்தினது எண்டு எங்களில ஒருத்தருக்கும் அப்ப யோசனை வரேல்ல. டொக்டர் நல்ல பொடியன், சொந்த அம்மாவோட கதைக்கிற மாதிரித்தான் அவவோட கதைச்சவர். "வேற ஏதும் குளுசை போடுறியளோ" எண்டு கேக்கச் சொன்னவர், நான் கேட்டனான். "ஓம் மோனை, சும்மா போடுறனான்" எண்டா. என்ன குளுசை எண்டு திருப்பிக் கேட்டிருக்க வேணும். பின்னால லைன் மண்டபத்துக்கு வெளியால மாமரம் மட்டும் நிக்குது, ஏதோ கொஞ்சம் போடுறாவாம் எண்டு சொல்லி விட்டுட்டன். ஒரு மாதத்துக்குக் கிளிமெப்பிரைட் எண்ட குளுசை எழுதி, சிப் வைச்ச ஒரு பிளாஸ்ரிக் பைக்குள்ள போட்டு, மேல இங்கிலிசில லேபல் ஒட்டிக் குடுத்தாச்சு. அவ கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனா.

அவவின்ர கையில ஒரு ஷொப்பிங் பை இருந்தது. அதுக்குள்ள ஒரு துவாய், துவாய்க்குள்ள சுத்தி அவவின்ர கிளினிக் கொப்பி. நாலு வருசமா அரசாங்கக் கிளினிக்கில மாதா மாதம் சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்கிறா, கொப்பியில கடைசிப் பக்கத்தில கிளிக்கிளசைட், மெற்போமின் எண்டு வடிவா எழுதியிருக்கு. கிளிக்கிளசைட்டும் கிளிமெப்பிரைட்டும் ஒரே சாதி மருந்து, ரெண்டும் சீனியைக் கீழ இறக்கும், ரெண்டையும் சேத்துப் போட்டா, அதுவும் ராவைக்கு ஒழுங்காச் சாப்பிடாத வயசுபோன ஆள் போட்டா, என்ன நடக்கும் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மூண்டாம் நாள் விடியப்புறம் மருமகள் எழுப்பிப் பாத்திருக்கிறா, எழும்பேல்ல. உடம்பு முழுக்க வேர்வை, பாய் நனைஞ்சு போய்க் கிடக்கு, கூப்பிட்டா வாய் மட்டும் அசையுதாம். 1990 எண்ட நம்பருக்கு அடிச்சா வாற அம்புலன்ஸ் வந்து கொண்டு போய்ச் சேத்தவை. குளுக்கோஸ் ஏத்த எழும்பினவ, பேந்து விழுந்தவ, திருப்பி ஏத்தி, இப்பிடி ரெண்டு நாள். இந்தச் சாதிக் குளுசை உடம்பை விட்டுப் போக நேரமெடுக்கும்.

அந்த வோட்டில வேலை செய்யிற மிஸி என்னோட முந்தி ஒண்டா வேலை செய்தவ, அதால எனக்குக் கோல் எடுத்தா. "அக்கா, ஒரு சிப் பை கிடக்கு, உங்கட ஆக்கள் குடுத்ததோ?" நான் பஸ் ஏறிப் போனன். அவ என்னை அறியாமல் இருந்திருந்தா ஆருக்குக் கோல் எடுத்திருப்பா? லேபலில ரீமின்ர பேர் இல்லை, நம்பர் இல்லை, டொக்டரின்ர பேர் இல்லை. மருந்து எழுதின டொக்டர் அப்ப பிளைட்டில. பேந்து வட்ஸ்அப்பில கதைச்சனான், அவர் அழுதிட்டார். அம்மா பிழைச்சிட்டா, கடவுளுக்குத்தான் தோத்திரம். ஆனா அந்த முன்னூறு பேரில வேற ஆருக்கு என்ன நடந்தது எண்டு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதுதான் எனக்கு நித்திரை வராத விசயம். பிழை அந்தப் பொடியனில மட்டும் இல்லை, கேக்காமல் விட்ட என்னிலயும் இருக்கு, ஒரு நாளைக்கு முன்னூறு பேரைப் பாத்தம் எண்டு நியூஸ்லெற்றரில போடுறதுக்காக ஓடின எங்கள் எல்லாரிலயும் இருக்கு.

கொப்பியை ஏனம்மா காட்டேல்ல எண்டு வோட்டில வைச்சுக் கேட்டன். "காட்டினா, நீ அங்க எடுக்கிறாய்தானே எண்டு மருந்து தராமல் விட்டிடுவினம் எண்டு நினைச்சன் பிள்ளை. வெளிநாட்டு மருந்தெல்லோ, நல்லாயிருக்கும் எண்டு." சனம் இப்பிடித்தான் நினைக்கும். அதை அறிஞ்சு கேக்க வேண்டியது நாங்கள்.

உங்கட சபைகளில காட்டுற ஸ்லைட் சிலதை நான் பாத்திருக்கிறன். வைத்திய வசதியே இல்லாத சனம் எண்டு போட்டிருக்கும். அது சரியில்லைப் பிள்ளையள். இலங்கையில அரசாங்க ஆஸ்பத்திரியில மருந்து காசில்லாமல்தான், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு எம்ஓஎச், அதாவது சுகாதார வைத்திய அதிகாரி, அவற்ற கந்தோர் இருக்கு, குடும்பநல மிஸி ஸ்கூட்டியிலயோ சைக்கிளிலயோ ஒழுங்கை ஒழுங்கையா வீட்டுக்கு வந்து பிள்ளைத்தாய்ச்சியளைப் பாக்கிறா. 2016 இல இலங்கையில மலேரியா இல்லை எண்டு உலக சுகாதார நிறுவனமே சொன்னது, அது வானத்தில இருந்து விழேல்ல, வீடு வீடாப் போய் ரெத்தம் எடுத்த ஆக்களால வந்தது. வன்னியில குறை இருக்கு, கனக்க இருக்கு. பஸ் இல்லை, ஸ்பெசலிஸ்ற் இல்லை, கிளினிக்குக்கு ஒரு நாள் கூலியை விட்டிட்டுப் போக வேணும், மருந்து சில நேரம் வெளியால வாங்கச் சொல்லி எழுதிக் குடுப்பினம். ஆனா ஆக்கள் இருக்கினம், கொப்பி இருக்கு, பதிவு இருக்கு. நீங்கள் ஒண்டுமில்லாத தரையில வந்து நிக்கேல்ல.

நல்ல சமாரியன் கதையை நாங்கள் எல்லாரும் சண்டே ஸ்கூலில படிச்சனாங்கள். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டினதைப் பற்றிக் கனக்கப் பிரசங்கம் கேட்டிருப்பியள். அந்த அம்மாவின்ர கட்டிலடியில இருந்து வந்த அண்டு ராத்திரி நான் லூக்கா பத்தைத் திருப்பி எடுத்து வாசிச்சன், அவன் கட்டின பிறகு செய்ததுதான் கண்ணில பட்டது. தன்ர மிருகத்தில ஏத்திச் சத்திரத்துக்குக் கொண்டு போறான், ராவு முழுக்க நிண்டு பாக்கிறான், அடுத்த நாள் சத்திரக்காரன்ர கையில ரெண்டு பணம் குடுத்து இவனைப் பார் எண்டு சொல்லுறான், மேல செலவானால் திரும்பி வரேக்க தாறன் எண்டுறான். அவன் வழிப்போக்கன், அங்க தங்க ஏலாது எண்டு அவனுக்கே தெரியும். அதாலதான் அந்த ஊரில இருக்கிறவன்ர கையில பாரம் குடுத்திட்டுப் போறான். எங்கட காம்பில எண்ணெய் இருக்கு, சீலை இருக்கு, சத்திரக்காரன் மட்டும் இல்லை. அந்தச் சத்திரக்காரன் வேற ஆருமில்லை, அந்தக் கிராமத்து எம்ஓஎச், குடும்பநல மிஸி, கிராமத்து ஆஸ்பத்திரி டொக்டர். அவையளிட்ட ஒரு சொல்லுச் சொல்லாமல் வந்து, ஒரு சொல்லுச் சொல்லாமல் போறம்.

இது ஒண்டும் புதுசாச் சொல்லுற கதையில்லை, இந்த மண்ணிலயே செய்து காட்டியிருக்கு. 1820 இல ஜோன் ஸ்கடர் எண்ட அமெரிக்க டொக்டர் பண்டத்தரிப்பில வந்திருந்தவர், அமெரிக்காவில இருந்து வெளிநாட்டுக்கு மெடிக்கல் மிஷனரியா வந்த முதல் ஆள் எண்டு அவரைத்தான் சொல்லுவினம். பத்து நாள் ட்ரிப் இல்லை, பதினாறு வருசமளவு எங்கட பக்கம் இருந்து, 1836 இல மெட்ராசுக்குப் போனவர். அவரின்ர பேத்திதான் ஐடா ஸ்கடர். அவ இளம் பெட்டையா இருக்கேக்க ஒரே ராத்திரி மூண்டு வீட்டில இருந்து பிள்ளைப்பெறுவுக்கு உதவி கேட்டு வந்தவை, அவவின்ர தகப்பன் டொக்டர்தான், ஆனா ஆம்பிளை டொக்டர் வேண்டாம் எண்டு போயிட்டினம், விடியிறதுக்கிடையில மூண்டு பொம்பிளையளும் செத்துப் போச்சினம். அவ போய் டொக்டருக்குப் படிச்சு வந்து 1900 இல வேலூரில ஒரு கட்டிலோட துவங்கினா. ஒரு கட்டில். பேந்து 1909 இல நேர்ஸிங் பள்ளிக்கூடம், 1918 இல பொம்பிளைப் பிள்ளையளுக்கு டொக்டர் படிப்பு. தான் பாத்த நோயாளியளை விட, தனக்குப் பிறகு பாக்கிறதுக்கு அவ படிப்பிச்சு விட்ட பிள்ளையள்தான் கூட. இண்டைக்கு யாழ்ப்பாணத்தில ஒரு வீட்டில பெரிய வருத்தம் எண்டா வேலூருக்குக் கொண்டு போவமோ எண்டுதானே முதல் கதை வரும்.

அந்த வேலூரில படிச்ச ராஜ் ஆரோளே, மேபல் ஆரோளே எண்ட புருசன் பெஞ்சாதி ரெண்டு பேரும் 1970 இல மகாராஷ்டிராவில ஜாம்கேட் எண்ட வறண்ட ஊருக்குப் போனவை. அவை செய்ததைக் கேளுங்கோ. எழுத வாசிக்கத் தெரியாத கிராமத்துப் பொம்பிளையளை, அதிலயும் கனபேர் தீண்டாச்சாதி எண்டு கிணத்தில தண்ணி அள்ள விடாமல் வைச்சிருந்த ஆக்கள், அவையளைக் கூப்பிட்டுப் பிள்ளைப்பெறு பாக்கவும், வயித்தோட்டத்துக்கு உப்பும் சீனியும் கரைச்சுக் குடுக்கவும், காய்ச்சல் எப்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேணும் எண்டும் பழக்கிப்போட்டு, அந்தந்தக் கிராமத்திலயே விட்டவை. உலக சபைகள் மன்றத்தின்ர மருத்துவக் கமிஷன் இந்த மாதிரி வேலையளை எடுத்துக் காட்டினது, 1978 இல அல்மா அட்டாவில நடந்த உலக சுகாதார மாநாட்டில ஆரம்ப சுகாதாரம்தான் எல்லா நாட்டுக்கும் வழி எண்டு சொன்னதுக்குப் பின்னால அதுக்கும் ஒரு பங்கு இருக்கு. பண்டத்தரிப்பில இருந்து வேலூர், வேலூரில இருந்து ஜாம்கேட். இது எங்கட வீட்டுச் சங்கதி, மிஷன் எண்டா என்ன எண்டு நாங்கள் வேற எங்கயும் போய்ப் படிக்கத் தேவையில்லை.

எங்கட மானிப்பாயைச் சொல்லாமல் விட்டா என்ர அம்மம்மா கனவில வந்து ஏசுவா. சாமுவேல் கிறீன் எண்ட அமெரிக்க மிஷன் டொக்டர் 1847 இல வந்தவர், இருபத்தஞ்சு வயசளவு, அடுத்த வருசமே பெடியளைச் சேத்து வைத்தியம் படிப்பிக்கத் துவங்கினவர். முதல் இங்கிலிசில படிப்பிச்சவர். பேந்து பாத்தார், இங்கிலிசில படிச்ச பெடியள் அரசாங்க உத்தியோகம், கொழும்பு எண்டு போகினம், கிராமத்துக்கு ஆள் இல்லை. அறுபதுகளில தமிழுக்கு மாத்தினவர். தமிழில வைத்திய நூல் இல்லையே எண்டு நிக்கேல்ல, மாணவரையும் சேத்து வைச்சு மொழிபெயர்த்தவர், 1867 இல இரண வைத்தியம் எண்ட சத்திரசிகிச்சை நூல், 1872 இல மனுஷ அங்காதிபாதம் எண்ட உடற்கூற்று நூல், ஒவ்வொரு எலும்புக்கும் நரம்புக்கும் தமிழ்ச் சொல் தேடி. அறுபதுக்கு மேல டொக்டர்மாரை உருவாக்கிப் போட்டு 1873 இல திரும்பிப் போனவர். கிறிஸ்தவனானா உடுப்பு, சாப்பாடு, பேர் எல்லாம் வெள்ளைக்காரன் மாதிரி மாத்த வேணும் எண்டதை அவர் விரும்பேல்ல, தமிழன் தமிழனாவே இருக்க வேணும் எண்டவர். 1884 இல அமெரிக்காவில செத்தவர், தமிழருக்கு மருத்துவ ஊழியன் எண்டுதான் கல்லறைக் கல்லில போடச் சொன்னவர். நாங்கள் சின்னனில கிறீன் ஆஸ்பத்திரி மதிலுக்கு இஞ்சால விளையாடினனாங்கள், அந்த ஆளின்ர கதை எங்களுக்குச் சோறோட ஊட்டினது.

அவர் மானிப்பாயில தமிழில படிப்பிச்சு நூற்றைம்பது வருசத்துக்குப் பிறகு, தமிழ்ப் பிள்ளையள் தமிழ் ஊருக்கு வந்து, தமிழ்க் கிழவிக்கு இங்கிலிசில லேபல் ஒட்டிக் குடுக்கிறம். காலமை ஒண்டு, ராவைக்கு ஒண்டு, சாப்பிடாட்டிப் போட வேண்டாம், வேர்த்தா நடுங்கினா உடன சீனித்தண்ணி குடியுங்கோ. இவ்வளவும் தமிழில எழுதிறதுக்கு எவ்வளவு நேரம் வேணும்? அங்க இருக்கேக்கயே பிறின்ற் எடுத்துக் கொண்டு வரலாம். உங்கட பிள்ளையளுக்குத் தமிழ் எழுதத் தெரியாட்டில் அதில வெக்கப்பட ஒண்டுமில்லை, எனக்கு அனுப்புங்கோ, நான் எழுதித் தாறன்.

மருந்தைப் பற்றி இன்னொண்டு. 2022 இல நாடு விழுந்து ஆஸ்பத்திரியில மருந்தில்லாமல் நிக்கேக்க நீங்கள் அனுப்பினது உண்மையிலயே உயிர் காத்தது, ஏனெண்டா அப்ப ஆஸ்பத்திரியள் என்ன தேவை எண்டு லிஸ்ற் குடுத்தது, நீங்கள் அந்த லிஸ்டைப் பாத்து அனுப்பினியள். அதுதான் முறை. சூட்கேசுக்குள்ள அங்கத்தைக் கிளினிக்கில மிஞ்சின சாம்பிள், ரெண்டு மாதத்தில திகதி முடியிற மருந்து, இஞ்ச ஒருத்தரும் எழுதாத பேரில ஒரு மாதத்துக்கு மட்டும் காணக்கூடிய பிறசர் குளுசை, இதுகளைக் கொண்டு வராதேங்கோ. தானமாக் குடுக்கிற மருந்து போய்ச் சேரேக்க ஆகக் குறைஞ்சது ஒரு வருசமாவது திகதி இருக்க வேணும் எண்டு உலக சுகாதார நிறுவனம் 1996 இலயே வழிகாட்டி எழுதி வைச்சிருக்கு. பிறசர் குளுசையை மாத்திக் குடுத்திட்டு ஒரு மாதத்தில நிப்பாட்டினா அந்த ஆளுக்கு முந்தி இருந்ததையும் நாங்கள் குழப்பி விடுறம். இஞ்ச மருந்து கொண்டு வரவும் சட்டம் இருக்கு, 2015 இல இருந்து தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இருக்கு, வெளிநாட்டு டொக்டர் இஞ்ச நோயாளியைத் தொடுறதெண்டா மெடிக்கல் கவுன்சிலில தற்காலிகப் பதிவு எடுக்க வேணும். நாங்கள் சபைக்காரர், நல்லதுதானே செய்யிறம் எண்டு அதுகளைத் தாண்டிப் போறது சரியில்லை. ரொறன்ரோவில ஒரு மூலையில ஒரு இலங்கை டொக்டர் வந்து பதிவில்லாமல் மருந்து குடுத்தா நீங்கள் விடுவியளோ?

வாற நேரத்தையும் யோசியுங்கோ. நீங்கள் வாறது ஆடி, ஆவணியில, பிள்ளையளுக்கு லீவு, நல்லூர்த் திருவிழாவும் பாக்கலாம், எனக்கு விளங்குது. ஆனா எங்கட பக்கம் வருத்தம் வாறது மாரியோட. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு டெங்கு ஏறும், 2024 மார்கழியில வடமராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சல் வந்து சனம் செத்தது. அந்த நேரத்தில முழு ரீமும் வரத் தேவையில்லை, ரெண்டு நேர்ஸ் பிள்ளையள் ஒரு மாதம் வந்து எம்ஓஎச் ஆக்களோட வீடு வீடாப் போனாலே காணும்.

இனிச் சொல்லப் போறது எனக்கு ஆகப் பெரிய விசயம், விசுவாசியா இருந்துகொண்டு சொல்லுறன்.

வேறொரு காம்பில, கிளிநொச்சிக்கு அங்கால, மண்டப வாசலில ஜெபத்துக்கு ஒரு மேசை போட்டிருந்தது. பேர் பதிஞ்சவுடன அந்த மேசை, அதுக்குப் பிறகுதான் டொக்டர். விருப்பமில்லாட்டி ஜெபிக்கத் தேவையில்லை எண்டு ரீம் லீடர் சொல்லித்தான் வைச்சவர், கட்டாயப்படுத்தேல்ல, அது உண்மை. ஆனா லைனில நிண்ட ஒரு தாய், இடுப்பில பிள்ளை, பிள்ளைக்குக் காய்ச்சல், நெத்தியில மூண்டு குறி திருநீறு. மேசைக்கு இன்னும் ரெண்டு பேர்தான் இருக்கு. அவ அந்த மேசையைப் பாத்தா, மேல இருந்த சிலுவை போட்ட பனரைப் பாத்தா, சீலைத் தலைப்பை எடுத்து எச்சில் தொட்டு நெத்தியைத் துடைச்சா. பேந்து பிள்ளையின்ர நெத்தியையும் துடைச்சா. ஆரும் சொல்லேல்ல, ஆரும் கேக்கேல்ல. மருந்து தராமல் விட்டிடுவினமோ எண்ட பயம்.

நான் எழும்பிப் போய் அவவின்ர கையைப் பிடிச்சு, அம்மா நீங்கள் அப்பிடியே வாங்கோ, ஒண்டும் செய்யத் தேவையில்லை எண்டு நேர டொக்டரிட்டக் கூட்டிக் கொண்டு போனன். ஆனா துடைச்சது துடைச்சதுதான். ஒரு தாய் தன்ர சாமியை அழிச்சுப் போட்டு எங்கட மருந்துக்கு வந்து நிண்டவ, அதை எங்கட ஆண்டவர் பாத்துக்கொண்டு இருந்திருப்பார் எண்டு நினைக்க எனக்கு நெஞ்சு அடைக்குது. அவர் பத்துக் குட்டரோகியளைச் சுகப்படுத்தினவர், ஒருத்தன்தான் திரும்பி வந்தவன், மற்ற ஒன்பது பேர் எங்க எண்டு கேட்டவர், ஆனா அந்த ஒன்பது பேரின்ர சுகத்தை அவர் திருப்பி எடுக்கேல்ல. ஜெபம் செய்யுங்கோ, வேண்டாம் எண்டு நான் ஒருநாளும் சொல்லமாட்டன், நானும் ஜெபிச்சுப் போட்டுத்தான் ஊசி குத்தின ஆள். காலமை ரீமா முழங்காலில நிண்டு ஜெபியுங்கோ, ராவைக்கு அண்டைக்குப் பாத்த ஆக்களின்ர பேரைச் சொல்லி ஜெபியுங்கோ. கேக்கிற ஆளுக்கு அவையின்ர கையைப் பிடிச்சு ஜெபியுங்கோ. மருந்துக்குப் போற வழியில மட்டும் மேசை போடாதேங்கோ. இந்த மண்ணில மதத்தின்ர பேரால சந்தேகம் கனக்க இருக்கு, காசு குடுத்து, மருந்து குடுத்து மாத்த வருகினம் எண்ட கதை ஒவ்வொரு ஊரிலயும் இருக்கு. நீங்கள் பத்து நாளில போயிடுவியள், அந்தக் கதைக்கு முகம் குடுக்கிறது அந்த ஊரில இருக்கிற நாலு கிறிஸ்தவக் குடும்பமும் வயசுபோன போதகரும்தான்.

படம் எடுக்கிறதையும் நிப்பாட்டுங்கோ. பிள்ளையின்ர புண்ணை, கால் இல்லாத தம்பியின்ர மிச்சக் காலை, பல்லில்லாத ஆச்சியை. இதுக்கு மேல அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

நல்லதையும் சொல்ல வேணும், இல்லாட்டி நான் அநியாயம் செய்த மாதிரி. ஒரு பிசியோ பிள்ளை, லண்டனில பிறந்தவ, முதல் வருசம் எல்லாரையும் போலத்தான் ரீமோட வந்தவ. யுத்தத்தில கால் போன ஒரு தம்பி செயற்கைக் காலைக் கழட்டிக் கட்டிலுக்குக் கீழ போட்டிட்டுக் கெந்திக் கெந்தி நடக்கிறதைப் பாத்திட்டா. ஏன் தம்பி போடேல்ல எண்டா, நோகுது அக்கா எண்டான். அவ அண்டைக்கு வேற ஒருத்தரையும் பாக்கேல்ல, லீடருக்குக் கொஞ்சம் கோவமும் வந்தது. நிலத்தில இருந்து அந்தத் தம்பியின்ர மிச்சக் காலைக் கையில எடுத்துத் தடவித் தடவிப் பாத்து, ஒரு ஓரத்தில சதை கண்டிப் போயிருந்ததைக் கண்டுபிடிச்சு, சொக்ஸ் எப்பிடிப் போடுறது, சுருக்கில்லாமல் எப்பிடி இழுக்கிறது, ராவைக்குக் கண்ணாடியை நிலத்தில வைச்சு அடிப்பக்கம் சிவந்திருக்கோ எண்டு எப்பிடிப் பாக்கிறது எண்டு அவனுக்கும், அவன்ர தங்கச்சிக்கும், பக்கத்து வீட்டு ரெண்டு பெட்டையளுக்கும் பழக்கினா. பேந்து அந்தக் காலைச் செய்து குடுத்த இடத்தைத் தேடிப் பிடிச்சு, அதைத் திருத்துறதுக்கு நாள் எடுத்துக் குடுத்திட்டுத்தான் போனா. அடுத்த வருசம் ரீமில்லாமல் தனிய வந்து அதே கிராமத்தில ஆறு கிழமை இருந்தவ. அதுக்கடுத்த வருசமும். இப்ப அவ சொல்லுற தமிழில "கெந்தாதேங்கோ, ஊண்டுங்கோ" எண்டது எனக்கு எந்தப் பிரசங்கத்தையும் விட இனிக்கும். அந்த ரெண்டு பெட்டையளில ஒருத்தி இப்ப பிசியோதெரபி உதவியாளரா வேலை செய்யிறா. அந்தக் கிராமத்தில இப்ப எட்டுப் பேர் கால் போட்டு நடக்கினம்.

இதைத்தான் நான் கேக்கிறன். ஒரு கிராமத்தைப் பிடிச்சா அதையே பிடியுங்கோ, ஒவ்வொரு வருசமும் புது ஊர் தேடாதேங்கோ. வாறதுக்கு மூண்டு மாதம் முதல் அந்தப் பகுதி எம்ஓஎச்சுக்கு எழுதி, உங்களுக்கு என்ன குறை எண்டு கேளுங்கோ. வாசிக்கிற கண்ணாடி எண்டு சொல்லலாம், பல்லு எண்டு சொல்லலாம், காது கேக்காத பிள்ளையளைப் பரிசோதிக்க ஆள் வேணும் எண்டு சொல்லலாம், யுத்தத்தில பிள்ளையைக் குடுத்திட்டு இன்னும் ராவில எழும்பி இருக்கிற தாய்மாரோட இருந்து கதைக்கத் தெரிஞ்ச ஆள் வேணும் எண்டு சொல்லலாம், ஒண்டும் வேண்டாம், எங்கட மிஸிக்கு ஒரு கிழமை லீவு குடுக்க ஆள் விட்டாக் காணும் எண்டும் சொல்லலாம். என்ன சொல்லுகினமோ அதைச் செய்யுங்கோ, அது போட்டோவுக்கு வடிவா இல்லாட்டிலும் பரவாயில்லை. ஒரு நாளைக்கு அறுபது பேருக்கு மேல பாக்காதேங்கோ. கொப்பி இல்லாமல் வாறவை வீட்டை போய் எடுத்து வரட்டும், நாங்கள் பாத்திருப்பம். நீங்கள் பாத்ததை அந்தக் கொப்பியிலயே எழுதி, பேரும் நம்பரும் போட்டுக் கையெழுத்து வையுங்கோ. சீனி வருத்தம், பிறசர், வலிப்பு, இதுகளுக்கு இருக்கிற மருந்தைத் தொடாதேங்கோ, மாத்த வேணும் எண்டு தோன்றினா ஒரு துண்டில எழுதி அந்தக் கிளினிக் டொக்டருக்கு அனுப்புங்கோ. ரெண்டு பேரின்ர டிக்கட் காசை மிச்சம் பிடிச்சு, அந்தக் கிராமத்தில ஏஎல் முடிச்சிட்டு வீட்டில இருக்கிற ஒரு பிள்ளையை நேர்ஸிங்குக்கோ வேற ஏதும் சுகாதாரப் படிப்புக்கோ விடுங்கோ. அவளுக்கு உங்கட சபையின்ர பேர் போட்ட ரீசேட் வேண்டாம்.

நீங்கள் ஆபிரிக்காவுக்கும், மலையகத்துக்கும், தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கும் போறியள் எண்டு தெரியும். அங்கயும் ஒரு சத்திரக்காரன் இருப்பான், மொழி வேறயா இருக்கும், அவ்வளவுதான். அங்கயும் என்னை மாதிரி ஒரு ஆன்ரி பக்கத்தில நிண்டு, திருப்பிக் கேப்பமோ விடுவமோ எண்டு லைனைப் பாத்துக்கொண்டு நிப்பா. அவவுக்கு நேரம் குடுங்கோ.

வாற வருசத்துக்குப் பிளான் போடுற ரீமுகள் தை மாதத்துக்குள்ள எழுதினாத்தான் பதிவு வேலையளும் எம்ஓஎச் கடிதமும் நேரத்துக்குச் சரிவரும். அந்த அம்மாவையும் மாதத்தில ஒருக்காப் போய்ப் பாக்கிறனான், இப்ப சுகமா இருக்கிறா, கிளினிக் கொப்பியைத் துவாய்க்குள்ள வைக்காமல் கையிலயே வைச்சிருக்கிறா. அந்த டொக்டர் தம்பி திரும்பி வாறதா இருந்தா அவவின்ர வீட்டுக்கு முதல் கூட்டிக் கொண்டு போறன், அவ அவரைக் கோவிக்கேல்ல, ரெண்டு தரம் கேட்டிட்டா அந்தப் பொடியன் எப்ப வருவான் எண்டு.

கிறிஸ்துவுக்குள்ள உங்கட ஆன்ரி,
மானிப்பாயில இருந்து